கம்பியும் காட்சியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொட்டைமாடியில் குடை நட்டு, தெருவுக்குக் கம்பி இழுத்தவர் கேபிள்காரர். ராத்திரி எந்தப் படம் என்று தீர்மானித்தவரும் அவரே. திருட்டு வீடியோதான். இருந்தாலும், தெருக்காரங்க நேரில் போய் சண்டை போட முடிந்த அதிகாரம் அது.

1993இல் சன் டிவி வந்தது. அதே குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கம்பியிலும் இறங்கியது. கடை வைத்திருப்பவனே பாதையையும் வைத்திருந்தால், அடுத்த கடைக்காரன் வண்டி அவன் தயவில்தான் ஓடும்.

இதை உடைக்க அரசு வந்த லட்சணம் என்ன? 2006 ஜனவரியில், பெரிய கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்த ஜெயலலிதா அரசு மசோதா நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. 2007இல் மாறன் சகோதரர்களோடு பிணக்கு. கருணாநிதி ஆட்சியில் அரசு கேபிள் கழகம் பிறந்தது, கலைஞர் டிவியும் பிறந்தது. 2008 கடைசியில் குடும்பம் சேர்ந்தது, கழகம் படுத்துக்கொண்டது. 2011இல் ஜெயலலிதா அதை எழுப்பினார். மாதம் 70 ரூபாய். ஜனங்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்சியின் பக்கமும் ஒரு ஜெயா டிவி இருந்தது.

ஆக, 'ஏகபோகம் / போட்டி' என்கிற எதிர்வே நம்மை ஏமாற்றுகிறது. காவலாளி மாறினான், வாசல் ஒன்றுதான். 2014இல் நெட்வொர்க்18ஐ வாங்கிய ரிலையன்ஸ், 2018இல் ஹாத்வே, டென் நிறுவனங்களில் பெரும்பங்கு வாங்குவதாக அறிவித்தது. இப்ப அதே கம்பியில் இணையமும் வருது. கேபிள்காரர் வசூல் ஆளாகிவிட்டார். அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

தனியாரா, அரசா என்பதல்ல கேள்வி. கம்பி வைத்திருப்பவன் காட்சியையும் வைத்திருக்கலாமா? இதைக் கேட்காத இடதுசாரி விமர்சனமும் சந்தாதாரர் புகார்தான்.