ராமானுஜத்தின் தொப்பி, ஜூடித் ஸ்காட்டின் நூல்

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில், வருஷக் கடைசியில் எங்கள் ஊர் வாத்தியார் வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை வரும். உள்ளே வாழ்த்து அட்டைகள். பனி விழுந்த மலை, ஜாடியில் பூக்கள், நாய்க்குட்டி. அட்டை கைக்கு வந்ததும் நாங்கள் படத்தைப் பார்க்க மாட்டோம், திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்போம். வாயால் வரைந்தது, காலால் வரைந்தது என்று போட்டிருக்கும். 'த்சோ' என்று ஒரு சத்தம் வரும். பிறகுதான் படம். கண்டமங்கலத்தில் ஒரு சின்னப் பையனுக்கு ஓவியம் பற்றிக் கிடைத்த முதல் விமர்சனப் பயிற்சி அது. நமது விமர்சனம் அந்தப் பயிற்சியைத் தாண்டி இன்னும் ஓர் அடி வைக்கவில்லை என்பதே என் புகார்.

அட்டை அனுப்பியவர்கள்மேல் குறையில்லை. 1956இல் அந்த உலகச் சங்கத்தைத் தொடங்கிய எரிக் ஸ்டெக்மன் போலியோவால் கைகள் செயலிழந்து வாயால் வரைந்தவர். பிச்சை வேண்டாம், வரைந்ததற்குக் காசு கொடுங்கள் என்பதுதான் அவர்கள் பேச்சு. ஆனால் வாங்குகிறவன் காசு கொடுப்பது பின்பக்கத்து வாசகத்துக்கு. படம் எப்படி இருந்தாலும் விற்கும் என்கிற நிலைமை வந்துவிட்டால் படத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. யாரும் பேசாத படம் பனிமலையாகவும் நாய்க்குட்டியாகவும்தான் இருக்கும்.

'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கிவிட்டு 2010 வாக்கில் அரசு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது. நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. நொண்டி, செவிடு என்று கூப்பிட்ட ஊரில் இதுவே பெரிய மாற்றம். ஆனால் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரு திறன் போச்சா, சரி, மாற்றாக இன்னொன்றைக் காட்டு. கண் தெரியாதா, பாடு. கை இல்லையா, காலால் வரை. ஒன்றுமே காட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற ஊனமுற்றவனுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. கலை, ஈடு கட்டும் தொகையாக ஆகிவிடுகிறது.

எங்களுக்கு முந்தைய தலைமுறை விமர்சகர்கள் மையம், விளிம்பு, உடல், அதிகாரம் என்று தமிழில் ஒரு பெரிய சொல்லாடலையே உண்டாக்கினார்கள். அதைப் படித்து வளர்ந்தவன் நான். ஃபூக்கோவை வைத்துக்கொண்டு பைத்தியத்தைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதினோம். பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியவன் தமிழ்நாட்டில் உட்கார்ந்து மையில் போட்ட கோடுகளை எத்தனை பேர் நின்று பார்த்தோம்?

கே. ராமானுஜத்தைச் சொல்கிறேன். 1940இல் பிறந்தவர், திருவல்லிக்கேணிக்காரர். பேச்சு திக்கும். மனச்சிதைவு நோய் இருந்தது. சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் கண்ணில் பட்டார். 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அங்கே போய்த் தங்கினார். 1973இல் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33.

அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொப்பிக்காரனைத் தெரியும். மாடமாளிகைகள், கோபுரங்கள், பாம்புகள், பறவைகள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத படிக்கட்டுகள். நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள். ராமானுஜம்தான். தெருவில் யாரும் இடம் தராத ஆள் அங்கே ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார். இதைக் கனவு, தப்பித்தல், பித்தத்தின் வெளிப்பாடு என்று வாசிப்பது சுலபம், அப்படித்தான் வாசித்தும் வருகிறோம். ஆனால் கோட்டைப் பாருங்கள். இழை இழையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இருட்டை அடர்த்தியாக்கி வெளிச்சத்துக்குத் தாளை அப்படியே விட்டுவைக்கிற கணக்கு அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை. கல்லூரியில் கற்றுக்கொண்டது அதில் இருக்கிறது. கூட இருந்தவர்கள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தது இருக்கிறது. சென்னை இயக்கம் என்று சொல்கிறார்களே, கோட்டை மையமாக வைத்த அந்த ஓவிய மரபு, அதன் உள்ளே இருந்து வந்தவர் அவர். வெளியே திரிந்த பித்தன் அல்ல. சி. மோகன் அவரை வைத்து 'விந்தைக் கலைஞனின் உருவச்சித்திரம்' என்ற நாவலையே எழுதினார். தமிழ் வாசகனுக்கு ராமானுஜம் என்ற பெயர் தெரிவதற்கு அந்த நாவல் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நாவலைப் படித்தவன் படத்தைத் தேடிப் போகிறானா என்றால், எனக்குத் தெரிந்த வட்டத்தில் இல்லை. கதை போதும் என்று நின்றுவிடுகிறோம். வாழ்த்து அட்டையின் பின்பக்கம் மாதிரி.

பரிதாபமும் 'மேதைப் பித்தன்' என்கிற கொண்டாட்டமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே அந்த ஆள் உட்கார்ந்து வேலை செய்த இடத்தை மறைத்துவிடுகின்றன. யார் தாள் வாங்கிக் கொடுத்தது, யார் சோறு போட்டது, விற்ற காசு எங்கே போனது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

சோழமண்டலம் எப்படி உருவானது என்பது அவசியமான விஷயம். ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்த பணிக்கரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் அமைத்து பத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கைவினை சோறு போடும், ஓவியம் சுதந்திரமாக இருக்கும். இந்தியாவில் கலைஞர்கள் தாங்களே உழைத்து உண்டாக்கிய கூட்டு வாழ்விடங்களில் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் அது பொருளாதாரக் கூட்டு. தன் குடிசையைத் தானே பார்த்துக்கொள்ளவும், தன் சரக்கைத் தானே பேசி விற்கவும் தெரிந்த ஆளை மனதில் வைத்துப் போட்ட கூட்டு. ராமானுஜத்துக்கு அங்கே இடம் கிடைத்தது, அது சின்ன விஷயமில்லை. வேறு எந்த ஊர் அவருக்கு இடம் கொடுத்தது? இடத்துக்கு மேலே அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் பணிக்கரின் அன்பையும் நண்பர்களின் நல்ல மனசையும் நம்பி இருந்தது என்று நினைக்கிறேன். நல்ல மனசு ஓர் ஏற்பாடு ஆகாது. அன்றைய சென்னையில் வேறு ஏற்பாடும் கம்மி. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி இருந்தது. மனச்சிதைவுக்கென்றே சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' வந்தது 1984இல்தான். ராமானுஜம் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

ராமானுஜம் இறந்த மறு வருஷம், 1974இல், அமெரிக்காவின் ஓக்லண்ட் பக்கம் ஒரு தம்பதி தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு கூடத்தைத் தொடங்கினார்கள். ஃப்ளாரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் ஓவியர், எலியஸ் காட்ஸ் உளவியலாளர். கலிஃபோர்னியாவில் மனநலக் காப்பகங்களை மூடி ஆட்களை வெளியே விட்டுக்கொண்டிருந்த காலம். வெளியே வந்தவர்கள் பகலில் எங்கே போவது? அந்தக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், ஓவியக்கூடம். 'கிரியேட்டிவ் குரோத்' என்று பெயர். (அமெரிக்காவைத் தலைமேல் தூக்கி வைக்க இதை எழுதவில்லை. காப்பகங்களை மூடியதில் பணத்தை மிச்சம் பிடிக்கிற கணக்கும் இருந்தது. வெளியே வந்த பலர் போய்ச் சேர்ந்தது தெருவுக்குத்தான்.)

1987இல் அந்தக் கூடத்துக்கு ஜூடித் ஸ்காட் வந்தார். பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். குழந்தையிலேயே காது போய்விட்டது, அது யாருக்கும் தெரியவில்லை. சொன்னதற்குப் பதில் வராததால் படிப்பு ஏறாத ஜன்மம் என்று முத்திரை குத்தி ஏழு வயதில் காப்பகத்தில் விட்டார்கள். 35 வருஷம் உள்ளே. ஒருமுறை அவர் கையிலிருந்த வண்ணக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள், இவளுக்கு எதற்கு என்று. இரட்டையராகக் கூடப் பிறந்த ஜாய்ஸ் பின்னால் சொன்னது இது. அந்தச் சகோதரிதான் கடைசியில் சட்டப்படி பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்தார்.

கூடத்துக்கு வந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வருஷம் ஜூடித் ஒன்றும் செய்யவில்லை. ஏதோ கிறுக்குவார், அதிலும் ஆர்வமில்லை. இந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். மாற்றுத்திறன் என்ற கணக்கில் பார்த்தால் அவர் தோற்றுப்போனவர். நம்மூர்ப் பயிற்சி மையமாக இருந்தால் ஆறாவது மாதம் அறிக்கையில் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அங்கே அவரை விட்டுவைத்தார்கள். ஒரு நாள் சில்வியா செவன்டி என்ற இழைக் கலைஞர் நடத்திய வகுப்பில் குச்சிகளை எடுத்து அவற்றின்மேல் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். அதற்கப்புறம் 2005இல் சாகும்வரை நிறுத்தவில்லை. 200 சிற்பங்களுக்குமேல். கையில் கிடைத்த பொருளை உள்ளே வைத்து, நூலாலும் துணிக்கீற்றாலும் சுற்றிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, உள்ளே இருப்பது தெரியாத அளவு மூடிவிடுவார். நூல் கிடைக்காத நாளில் காகிதத் துவாலையை முறுக்கிச் செய்த வெள்ளைச் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. முடிந்தது என்று தோன்றினால் கையால் தள்ளி வைத்துவிடுவார், அவ்வளவுதான். யாரும் சொல்லிக் கொடுத்து முடித்ததில்லை.

இந்த மூட்டைகளைக் கருப்பை என்றும், பிரிந்த சகோதரியின் உருவகம் என்றும் வாசிக்கிறார்கள். இரட்டை உருவங்கள் சிலவற்றில் உண்டு, அதனால் வாசிப்பைத் தப்பென்று தள்ள முடியாது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பேசாத ஒருத்தியின் பிரதியில் நாம் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. நிறத்தைப் பாருங்கள், இழுவிசையைப் பாருங்கள், ஒரு பக்கம் கனமாகி மறுபக்கம் மெலிகிற அந்தச் சாய்வைப் பாருங்கள். நல்ல சிற்பியிடம் கேட்கிற கேள்விகளை அவரிடமும் கேட்போம்.

அந்தக் கூடத்தின் மற்ற விதிகள் சாதாரணமானவை. விற்றால் பாதி கலைஞருக்கு. கூடவே வேலை செய்கிற ஓவியர்கள் பொருளும் நுட்பமும் தருவார்கள், எதை வரை என்று சொல்வதில்லை. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம், வாசல் திறந்திருக்கும். 2024இல் கூடத்தின் 50ஆம் ஆண்டையொட்டி சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது, நூறு படைப்புகளுக்குமேல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

'கூட இருப்பவர்கள் உதவினால் அது யார் படைப்பு?' என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு பினோத் பிஹாரி முகர்ஜியைச் சொன்னேன். 1957இல் பார்வை முழுக்கப் போன பிறகும் சாந்திநிகேதனில் வேலை செய்தார். 1972இல் அங்கே ஒரு பெரிய ஓட்டுச் சுவரோவியம் வந்தது. காகிதத்தை வெட்டியும் மடித்தும் தடவிப் பார்த்தும் அவர் உருவங்களை அமைத்தார், அவற்றை ஓட்டில் பதிக்க மற்றவர்கள் கைகொடுத்தார்கள். அதை யாரும் அவருடையதல்ல என்று சொன்னதில்லை. அவர் ஏற்கெனவே பெரிய ஆள். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளையின் தூரிகையை ஒருவர் பிடித்துக்கொண்டால் மட்டும் நமக்குச் சந்தேகம் வருகிறது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கூட்டுப் பட்டறை நமக்குப் புதிது என்று சொல்ல மாட்டேன். இந்த வட்டாரம் சுடுமண் வேலைக்குப் பேர் போனது, வில்லியனூர் பக்கத்திலிருக்கிறது. நான் போகிற ஒரு குயவர் வீட்டில் வாய் பேசாத, காது கேளாத பெரியவர் ஒருவர் உண்டு. அய்யனார் குதிரைக்குக் கண் வைப்பது அவர் பொறுப்பு. அவர் வைத்தால்தான் குதிரை பார்க்கும் என்பார்கள். ஊனம் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. இதைக் காட்டி நம் மரபு எல்லோரையும் அரவணைத்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்க. அவருக்கு அந்த முற்றத்தில் இடம் பிறப்பால் கிடைத்தது. அதே ஊர் சேரியில் பிறந்த காது கேளாத பையனுக்கு அங்கே என்ன இடம்? களிமண்ணைத் தொட விடுவார்களா? சாதி தருகிற கூட்டுக்கும் ஓக்லண்ட் கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஒன்றில் நுழையப் பிறந்திருக்க வேண்டும், இன்னொன்றில் வந்தால் போதும்.

சாதிக்கு வெளியே நம்மிடம் இருப்பது பூட்டுப் போட்ட இடங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். 2023 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஏர்வாடிக்கும் குண்டலப்புலியூருக்கும் நடுவே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 29ஆம் பிரிவு, ஊனமுற்ற கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கள் திறமையை வளர்த்துக்கொள்ள வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்கிறது. நம் கண்ணில் படுவது டிசம்பர் 3ஆம் தேதி ஓவியப் போட்டி. பத்து மணிக்கு வண்ணக் குச்சி கொடுக்கிறார்கள், பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

போன மாதம் அந்தக் குயவர் வீட்டுக்குப் போயிருந்தேன். குதிரை ஒன்றுக்கு விலை கேட்டு யாரோ வந்திருந்தார்கள், புதுச்சேரி பக்கம் ஓட்டலில் வைக்கவாம். விலை பேசியது தம்பி. பெரியவர் கண் வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி தள்ளி நின்றார். யார் செய்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று வந்தவர் கேட்டார். தம்பி தன் பெயரை எழுதினார். அண்ணன் பெயரையும் எழுதச் சொன்னேன். அவருக்கு எதுக்குங்க, அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே என்றார்.