கிள்ளான் கேட்டதும் பாரிஸ் மொழிந்ததும்

உலக மனித உரிமைப் பிரகடனத்தை மேனாட்டார் ஈந்த கொடையெனப் போற்றுவாரும் உளர். அவர் நம்மேல் ஏற்றிய சுமையெனத் தூற்றுவாரும் உளர். கணியன் பூங்குன்றனார் அன்றே சொல்லிவிட்டார், இதிற் புதுமை யாது என்று மேடையிற் கைதட்டல் பெறுவார் மூன்றாம் வகையினர். மூவருமே அவ்வாவணத்தின் முப்பது உறுப்புகளையும் பொறுமையுடன் படித்தவராகத் தோன்றவில்லை. படித்திருப்பின், அவற்றுட் சிலவற்றைக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஏழாண்டு முன்னரே கேட்டுவிட்டனர் என்பது புலனாகியிருக்கும்.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர், ‘தமிழ் நேசன்’ துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்டிர்க்குத் தொல்லை நேராமை, உற்றாரும் நண்பரும் தோட்டத்துள் வந்துபோக இசைவு. இவற்றோடு மற்றொன்று: துரையையோ கிராணியையோ கண்டவுடன் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

கூலியை மட்டும் பேசுவார் இதனைச் சிறிதென விடுவர். அஃது ஆகாது. இக்கோரிக்கையால் தொழிலாளிக்கு ஒரு காசும் கூடாது. துரைக்கு ஒரு காசும் குறையாது. ஆயினும் பட்டியலில் அதற்கு இடமளித்தனர் எனின், கூலிக் கணக்கில் அடங்காத ஒன்றை அவர் கருதினர் என்பது தெளிவு. பிரகடனத்தின் முதல் உறுப்பு மாண்பு எனச் சுட்டுவது அதனையே. ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் 23ஆம் உறுப்பு. கல்வி 26ஆம் உறுப்பு. கிள்ளானைப் பார்த்துப் பாரிஸ் எழுதிற்று என்பது இங்குக் கருத்தன்று. ஏட்டறிவு குறைந்த பால்மரத் தொழிலாளர்க்கு இவ்வுரிமைகள் அயற்சரக்காக இருந்ததில்லை என்பதே கருத்து.

மே மாதத்தில் நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தான்தோன்றியாகக் கைதுசெய்தலையும் நாடுகடத்தலையும் விலக்குவது 9ஆம் உறுப்பு.

1948 டிசம்பர் 10ஆம் நாள் 48 நாடுகள் பிரகடனத்தை ஆதரித்தன. எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஆதரித்தவற்றுள் பிரிட்டனும் ஒன்று. தன்னாட்சி பெறாத நிலத்தார்க்கும் இவ்வுரிமைகள் உண்டென 2ஆம் உறுப்பு வெளிப்படையாகவே கூறுகிறது. அவ்வாண்டு சூன் முதல் பிரிட்டிஷ் மலாயாவில் அவசரகாலம். விசாரணையின்றியே பலர் காவலில் இருந்தனர். நூலின் பெருங்குறை ஈண்டே வெளிப்படுகிறது: சொன்னவரை அச்சொல்லுக்குக் கட்டுப்படுத்தும் வழி அதனுள் இல்லை.

முகவுரை இரண்டு வழிகளைக் காட்டுகிறது. கற்பித்தல் முதலாவது, நாட்டளவிலும் உலகளவிலும் படிப்படியான நடவடிக்கை இரண்டாவது. இரண்டாவது மெல்லவே நடக்கிறது. 1966ஆம் ஆண்டின் இரு பன்னாட்டு உடன்படிக்கைகளிலும் மலேசியா சேரவில்லை. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனித உரிமை ஆணையச் சட்டம், கூட்டரசு அரசமைப்புக்கு முரணாகாத அளவில் பிரகடனத்தைக் ‘கருத்திற் கொள்ள’ச் சொல்கிறது. கருத்திற் கொள்ளலுக்கும் கட்டுப்படுதலுக்கும் உள்ள தொலைவைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முதல்வழியோ அவ்வாசிரியர் கையிலேயே உள்ளது. உறுப்பெண்களை மனனம் செய்விப்பதோடு அவர் அமைவாராயின், கிள்ளான் மிதிவண்டி வகுப்பறையுட் புகாது.