டயரின் உயரத்தை விற்று வாங்கும் அழகு

மாருதி ஸ்விஃப்ட்டின் அடிப்படை ரகங்கள் ஷோரூமிலிருந்து 165/80 ஆர்14 டயர்களோடு வெளியே வருகின்றன. வண்டியின் உடல்வாகுக்கு அந்த டயர் ஒல்லியாகத்தான் தெரிகிறது. அதனால் வாங்கிய சூட்டோடு சென்னை ஜி.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களுக்குப் போய் 15 அல்லது 16 இன்ச் அலாய் வீல் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். இந்தப் பழக்கத்தை மொத்தமாகக் குறை சொல்லிவிட முடியாது. முதல் ஒரு இன்ச்சுக்கு நியாயம் இருக்கிறது. இரண்டாவது இன்ச் பெரும்பாலும் பார்வைக்காக மட்டுமே. நம் சாலைகளில் அதற்குக் கொடுக்கும் விலையும் அதிகம் என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆக 132 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 14 இன்ச் ரிம். மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. 185/65 ஆர்15 டயருக்குப் பக்கச்சுவர் 120 மி.மீ.; 195/55 ஆர்16-க்கு 107 மி.மீ. ஆனால் மூன்றுக்கும் மொத்த விட்டம் அநேகமாக ஒன்றேதான், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எனவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதமும் கெடாது. வெளி விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று தொழிலில் சொல்லும் வரம்புக்குள் இவை தாராளமாக அடங்கும். மாறுவது ஒன்றே ஒன்று: 16 இன்ச்சுக்குப் போனால், சாலைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த காற்றுமெத்தையில் 25 மி.மீ. காணாமல் போகிறது. இந்த வணிகத்தின் லாபமும் நட்டமும் அந்த 25 மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன.

லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டையான பக்கச்சுவர் வளைவில் குறைவாக நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் தடம் மாறும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். 185/65 ஆர்15 அளவை நிறுவனமே ஸ்விஃப்ட்டின் உயர் ரகங்களில் பொருத்தி விற்கிறது. ஆகவே சஸ்பென்ஷனும் வீல் ஆர்ச்சும் அதை ஏற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அகலமான டயர் என்றால் தரையோடு அதிகம் ஒட்டும் என்ற நம்பிக்கை மட்டும் பாதிதான் உண்மை. டயர் தரையைத் தொடும் பரப்பைத் தீர்மானிப்பவை முக்கியமாகச் சுமையும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 270 கிலோ இறங்கி, உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அந்தப் பரப்பு தோராயமாக 120 சதுர சென்டிமீட்டர். அகலத்தைக் கூட்டினால் பரப்பின் வடிவம் மாறுகிறது: குறுக்கே நீள்கிறது, முன்பின்னாகக் குறுகுகிறது. காய்ந்த சாலையின் வளைவில் இது நல்லது. தேங்கிய மழைநீரில் அப்படியில்லை. அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். முடியாதபோது ஒல்லி டயரைவிடச் சீக்கிரம் மிதக்கும். நவம்பர் மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு உண்மையைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மைலேஜையும் விலையையும் கணக்குப் பார்த்துத்தான் நிறுவனம் அடிப்படை ரகத்துக்கு டயரைத் தேர்ந்தெடுக்கிறது. அலாய் மாற்றும்போது கூடவே நல்ல ரப்பர் கொண்ட புது டயரும் வாங்குகிறோம். பிரேக் பிடித்தால் வண்டி சட்டென்று நிற்கிறதே என்று மகிழ்கிறோம். பாராட்டு ரிம்முக்குப் போகிறது. அந்த முன்னேற்றத்தின் பெரும்பங்கு டயரின் தரத்தால் வந்தது. பழைய ரிம்மின் அகலம் இடம் கொடுத்தால், அதிலேயே 185/70 ஆர்14 மாட்டலாம். விட்டம் 615 மி.மீ., பக்கச்சுவர் 130 மி.மீ. பிடிமானம் கூடும், மெத்தையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இனி நட்டம். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்குகிறது. உள்ளே உள்ள இழைகள் அறுந்தால் அந்த இடத்தில் டயர் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது. தூக்கிப் போடத்தான் வேண்டும். இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்து மீண்டும் ஓட்டுவது சில இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. டயர் வாங்காத அதிர்ச்சி லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் வீல் பேரிங்குக்கும் போகிறது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களிலும், கோடு போடாத வேகத்தடைகளிலும் தினமும் ஓடும் வண்டிக்கு இது சிறிய விஷயம் அல்ல. அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் சரியல்ல. மலிவான வார்ப்பு 16 இன்ச் அலாய், 14 இன்ச் இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாக இருக்கக்கூடும். அந்தக் கனமும் மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் சுற்றுவதால் பிக்கப்பும் மைலேஜும் குறைகின்றன.

பொருத்தும் விதத்தில் நடக்கும் பிழைகள் இதைவிட மோசம். நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம் என்பதால் பல ரிம்கள் ஸ்விஃப்ட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் ஸ்விஃப்ட்டின் ஹப்புக்கு வேண்டிய நடுத்துளை 54.1 மி.மீ. சந்தை ரிம்களில் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கும் வளையம் போடாவிட்டால் சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும். வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அந்த அதிர்வு போகாது. ஆஃப்செட், அதாவது ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு, தவறினால் சக்கரம் வெளியே துருத்தி பேரிங்கைத் தின்னும். இதற்கு மேல் ஸ்பேசர் வேறு வைப்பதை நான் எந்த வண்டிக்கும் ஏற்கமாட்டேன். முன்சக்கர இயக்கமுள்ள காருக்குப் பின்னால் மட்டும் அகல டயர் போடுவதிலும் அர்த்தமில்லை.

ஜிம்னி போன்ற வண்டிகளின் கதை வேறு. அங்கே ரிம்மை விட்டுவிட்டு டயரையே பெரிதாக்குகிறார்கள். 195/80 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. கல்லும் சேறும் உள்ள பாதையில் அது உதவும். ஆனால் மற்றவை மாறாதிருக்க, மீட்டர் நூறு காட்டியிருக்க வேண்டிய வேகத்தில் 94 என்றுதான் காட்டும்.

சட்டமும் கவனிக்க வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே மாடலுக்கு நிறுவனமே தரும் அளவைத் தாண்டாமல் இருப்பது இந்த வகையிலும் பாதுகாப்பு.

டயர் மாற்றப் போகிறவர்கள் முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வெளி விட்டம், நடுத்துளை, ஆஃப்செட், சுமைக் குறியீடு நான்கையும் கேளுங்கள். 85 என்ற குறியீடு ஒரு டயருக்கு 515 கிலோ. பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு 15 இன்ச் சரியான தேர்வு. ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் 14 இன்ச்சை மாற்ற வேண்டியதில்லை. 16 இன்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை நான்கு நல்ல டயர்களுக்குக் கொடுத்தாலே போதும்.