குறட்சொற்களை எண்ணுதல்

ஒரு நூலில் ஒரு சொல் எத்துணை முறை பயில்கின்றது என்னும் கணக்கு, அண்மைக்கால ஆய்வேடுகளில் சான்றாக நிற்கக் காண்கின்றோம். ‘அறம் இத்துணை இடத்து வந்துள்ளது; ஆதலின் ஆசிரியர் கருத்து இதுவே’ என முடிபு கூறுவாரும் உளர். முடிபினை மறுத்தல் எம் நோக்கமன்று. எண் எங்ஙனம் பெறப்பட்டது என்பதே எம் வினா.

திருக்குறள் அளவிற் சிறியது: 1,330 பாக்கள், பாவிற்கு ஏழாக 9,310 சீர்கள். இதனைக் கணினியில் இட்டு எண்ணுவோர், சொல்தோறும் நூலை முதலிலிருந்து தேடுகின்றனர். நூறு சொற்களை எண்ண 1,33,000 முறை குறளைப் புரட்ட வேண்டும். கணினிக்கு இஃது அரிதன்று. வீண்வேலையினும் பெரிய குறை, எழுத்துக்கோவையைச் சொல்லாகக் கொள்ளுதல். ஒருங்குறியில் ‘றி’ என்பது றகரமும் இகரக்குறியுமாக அமைதலின், ‘அற’ எனத் தேடுவார்க்கு அறிவும் அகப்படும். ‘அறம்’ எனத் தேடின் அறனும் அறத்தானும் விடுபடும். ‘மால்’ எனத் தேடின், 397-ஆம் குறளின் ‘நாடாமால்’, ‘ஊராமால்’ என்பன வந்து நிற்கும். வள்ளுவரை வைணவராக்க விழைவார்க்கு இஃது உதவலாம்!

செய்யத்தக்கது யாதெனின், நூலை ஒருமுறையே படித்துச் சொல்லுக்கு ஒரு வரிசையாகக் குறள் எண், இடம், நூலிற் கண்ட வடிவம், தலைச்சொல் என நான்கு பத்திகளில் பதிதல். தலைச்சொற்பத்திக்கு அடைவு அமைத்துத் தொகுப்பின், எல்லாச் சொற்களின் எண்ணும் ஒரே வினவலிற் கிட்டும். பாடவேறுபாடு ஒன்று ஏற்கப்படின், அதற்குரிய வரிசைகளை மட்டும் திருத்தினால் அமையும். தலைச்சொல்லின்கீழ் இடங்களைத் தொகுக்கும் அச்சுச் சொல்லடைவுகளின் நெறியும் இதுவே.

ஆயின் நான்காம் பத்தியை நிரப்புவது கணினியன்று, இலக்கணப் பயிற்சி. சீர் வேறு, சொல் வேறு. ‘நாடாமால்’ ஒரு சீர். நாடு, ஆம், ஆல் என மூன்று சொல். அக்குறளின் ஈற்றில் ‘வாறு’ என நிற்பது, வகர உடம்படுமெய் பெற்ற ‘ஆறு’. அதுதானும் வழியோ, எண்ணோ, நீராறோ என உரைநோக்கித் துணிதல் வேண்டும். ‘கண்’ விழியா, ஏழனுருபா என்பதும் இத்தகையதே. இவ்விடங்களில் இருவர் இருவேறு எண் பெறுதல் இயல்பு, பிழையுமன்று. எண்ணை மட்டும் அச்சிட்டு அட்டவணையை மறைத்தலையே யாம் பிழை என்கின்றோம்.

இன்மையைக் கூறுவார்க்கு இக்கடமை இன்னும் மிகுதி. குறளில் ‘தமிழ்’ என்னும் சொல் இல்லை என்பது பலரும் அறிந்தது. ஆயின் மூலத்தோடு பரிமேலழகர் உரையும் கலந்த கோப்பில் தேடிய எண், இன்மைக்கும் சான்றாகாது, உண்மைக்கும் சான்றாகாது.