கசிவின் காரணம் காணும் கலை

சமையலறைத் தரையில் குளிர்சாதனப் பெட்டியின் அடியிலிருந்து நீர் பரவக் கண்டதும், பெட்டியே பழுதாயிற்று என்று முடிவு கட்டிவிடாமல், அந்த நீர் எவ்வழியே வந்திருக்கக்கூடும் என்று நிதானமாக ஆராயத் தொடங்கும் மெக்கானிக்கின் விவேகம் நம் மரியாதைக்கு உரியது.

பனி தானே உருகும்படி அமைந்த ஒருவகைப் பெட்டியில், பின்சுவரில் படியும் பனி, கம்ப்ரஸர் ஓயும் இடைவேளைகளில் உருகிச் சுவரோடு வழிந்து, அடியிலுள்ள சிறு துவாரத்தில் இறங்கி, குழாய் வழியே கம்ப்ரஸரின் மேலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் உஷ்ணத்தாலேயே ஆவியாகிவிடுகிறது. யாரும் அறியாமல் தினந்தோறும் நடைபெறும் இந்தக் காரியத்தின் கிரமத்தை மனத்தில் இருத்தியவருக்கே தடை எங்கே என்பது புலப்படும்.

காய்கறிப் பெட்டியின் அடியில் நீர் தேங்கியிருந்தால், துவாரம் அடைபட்டிருக்கிறது என்று அவர் அனுமானிக்கிறார். கறிவேப்பிலைச் சருகோ கொத்தமல்லித் தழையோ அங்கே சிக்கியிருக்கும். உட்புறம் உலர்ந்திருந்து தரை மட்டும் நனைந்தால், பின்தட்டில் விரிசல் உண்டா, குழாய் விலகியதா என்று நோக்குகிறார். கதவு ரப்பரின் இடையே ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்ததும் அது வழுக்கி வருகிறதா என்று பார்ப்பது மற்றொரு நுட்பம். ஈரக்காற்று புகுந்தால் பனி மிகும், பனி மிகுந்தால் நீரும் மிகும்.

அடைப்பை நீக்கியபின், வெதுவெதுப்பான நீரைத் துவாரத்தில் சிறுகச் சிறுக ஊற்றி, அது பின்தட்டில் வந்து விழுவதைப் பார்த்த பின்னரே எழுந்திருக்கிறார். விளைவைத் துடைப்பதோடு நில்லாமல் காரணத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டு தெளியும் இந்தச் சிரத்தை, எந்தச் சாஸ்திரத்தைப் பயில்வோருக்கும் ஆதாரமான குணமாகும்.