பட்டியல் சொல்லாத ஆண்டுகள்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், செய்முறை வகுப்பு முடிந்த வேளையில், இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அவருடைய அண்ணன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் ஸ்மார்ட்போன் எனப்படும் திறன்பேசி ஒன்றை வாங்க விரும்பினார். கடைக்காரர் இரண்டைக் காட்டியிருக்கிறார். ஒன்று, 2023 பிப்ரவரியில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23. மற்றது, 2024 ஜனவரியில் வெளிவந்த எஸ்24. இரண்டின் விவரங்களும் அந்தத் தாளில் அடுத்தடுத்த பத்திகளில் அச்சிடப்பட்டிருந்தன.

“சார், எந்த வரியிலும் பழையது முந்தவில்லை. ஆனால் விலை குறைவு. அண்ணனிடம் எதை வாங்கச் சொல்லட்டும்?” என்று கேட்டார்.

இத்தகைய விவரப் பட்டியலை இன்று எல்லோரும் படிக்கிறோம். பாடநூலைவிட அதிகக் கவனத்தோடு படிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். பல மாதச் சம்பளத்தைச் செலவிடும் முடிவு அதை வைத்தே எடுக்கப்படுகிறது. ஆகவே ஒரு நூலைத் திறனாய்வு செய்வது போல் இந்தப் பட்டியலையும் திறனாய்வு செய்வது பொருத்தமே. அது என்ன சொல்கிறது? சொல்வது உண்மையா? எதைச் சொல்லாமல் விடுகிறது? இந்த மூன்று கேள்விகளையும் எழுப்பிப் பார்ப்போம்.

எண்கள் பொய் அல்ல

முதலில் பட்டியலுக்குரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் உண்மையானவை. அளவிட்டுச் சரிபார்க்கத் தக்கவை. “அற்புதமான படம், மின்னல் வேகம்” என்னும் விளம்பர வாசகங்களைவிட எண் எவ்வளவோ மேல். குறை எண்ணில் இல்லை. எண்ணைப் படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

ஒளிப்படக் கருவியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேசிகளின் முதன்மைக் கேமராவும் 50 மெகாபிக்சல் கொண்டவை. அதாவது ஒளியை உணரும் ஐந்து கோடி நுண்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் அகலமும் சுமார் 1 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இனி ஒளியின் இயல்பைப் பார்ப்போம். எவ்வளவு குற்றமற்ற வில்லையாயினும், ஒளி அலையாக இருப்பதால், விண்மீன் போன்ற ஒரு புள்ளியைப் புள்ளியாகவே குவிக்க அதனால் இயலாது. விளிம்பு விளைவினால் அது ஒரு சிறு வட்டமாகப் பரவும். அவ்வட்டத்தின் விட்டம் 2.44 × அலைநீளம் × துளை எண் என்பது நாம் படித்த வாய்பாடு. பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர்; இந்தக் கேமராக்களின் துளை எண் 1.8. பெருக்கினால் ஏறத்தாழ 2.4 மைக்ரோமீட்டர் வருகிறது. உணர்புள்ளியோ 1 மைக்ரோமீட்டர் அகலந்தான்! ஓர் ஒளிப்பொட்டு இரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகளின் அகலத்தை அடைத்துக்கொள்கிறது.

இதனால்தான், வழக்கமான முறையில் படமெடுக்கும்போது இந்தப் பேசிகள் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே நமக்குத் தருகின்றன. இது ஏமாற்று வேலை அன்று, நல்ல பொறியியல். சேர்த்துக்கொண்டால் மங்கிய வெளிச்சத்திலும் போதிய ஒளி கிடைக்கும். ஆனால் “50, 12-ஐவிட நான்கு மடங்கு தெளிவு” என்று ஒருவர் எண்ணினால், அவருடைய எண்ணத்தைப் பட்டியல் திருத்துவதில்லை. உணரியின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மழை நீர் எவ்வளவு சேரும் என்பதை வாளிகளின் எண்ணிக்கையா முடிவு செய்கிறது? அவற்றின் வாய்ப்பரப்பு அல்லவா?

அடுத்து, திரையின் ஒளிர்வு. பழையதில் உச்ச அளவு 1750 நிட். புதியதில் 2600 நிட். ஒன்றரை மடங்கு! எனினும் நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. உணரும் வெளிச்சம் ஏறத்தாழ ஒளிர்வின் கனமூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. 1.5-இன் கனமூலம் சுமார் 1.14. ஆகவே கண்ணுக்குத் தெரியும் கூடுதல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே. அதுவும் கடும் வெயிலில் பேசியைப் பிடித்திருக்கும்போதுதான். நாள் முழுதும் வெளியில் அலைந்து வேலை செய்பவருக்கு இது பயன் தரும். நூலகத்தில் அமர்ந்திருப்பவருக்குப் பயனில்லை.

மின்கலம் 3900 மில்லி ஆம்பியர்-மணியிலிருந்து 4000-க்கு உயர்ந்துள்ளது. நூற்றுக்கு இரண்டரை. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் கூடும், அவ்வளவே. உண்மையான சிக்கனம் வேறிடத்தில் இருக்கிறது. “120 ஹெர்ட்ஸ் திரை” என்று இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தாள் அச்சிட்டிருந்தது. திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே அந்த எண். ஆனால் அசையாத படத்தைக் காட்டும்போது பழைய பேசி 48 வரைதான் இறங்கும். புதியது 1 வரை இறங்கும். மின்சாரம் மிச்சப்படுவது இங்கே. வேறுபாடு இல்லாத இடம் என்று பட்டியல் காட்டிய வரியில்தான் வேறுபாடு இருந்தது!

ஒரே பெயர், இரு பொருள்

அயல்நாட்டு ஆய்வாளர்கள் எழுதும் ஒப்பீடுகளை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்ற எஸ்24-இல் இருந்தது ஸ்நாப்டிராகன் செயலி. இந்தியாவில் அது வெளியானபோது உள்ளே இருந்ததோ எக்ஸினாஸ் 2400 என்னும் வேறொரு செயலி. பெட்டியின் மேல் பெயர் ஒன்றே. அங்கே அளந்த வேகமும் சூடும் இங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. “4 நானோமீட்டர்” என்னும் சொல்லும் அத்தகையதே. அது சில்லினுள் உள்ள எந்தப் பகுதியின் நீளத்தையும் குறிப்பதில்லை. முன்பொரு காலத்தில் அளவைக் குறித்த அந்த எண் இப்போது தலைமுறையின் பெயராகவே வழங்குகிறது.

விலை குறைந்த பேசிகளில் இன்னொரு தந்திரம் உண்டு. “16 ஜிபி ரேம்” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கீழே சிற்றெழுத்தில் 8 + 8 என்றிருக்கும். இரண்டாவது எட்டு, சேமிப்பு நினைவகத்திலிருந்து கடன் வாங்கியது. அது உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. மேசையில் இடமில்லாமல் பக்கத்து அறை அலமாரியில் நோட்டுகளை வைத்துவிட்டு, மேசை இருமடங்காகிவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

என் பிழை

பட்டியல் சொல்லாமல் விடுவதில் மிக முக்கியமானது காலம். அது விற்பனையன்று பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. நாமோ அதனுடன் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டியவர்கள்.

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். 2020-இல் இணையவழி வகுப்புகள் நடந்தபோது, என் பேசி 30 விழுக்காடு மின்னேற்றம் இருக்கும்போதே திடீர் திடீரென அணைந்துவிடும். “பழசாகிவிட்டது” என்று தீர்ப்பளித்து, கடன் வாங்கிப் புதியது வாங்கினேன். பழையதைத் தம்பி எடுத்துக்கொண்டான். மின்கலத்தை மட்டும் மாற்றி, மேலும் மூன்றாண்டுகள் குறையின்றிப் பயன்படுத்தினான். ஆண்டுதோறும் கரும்பலகையில் மின்கலத்தின் அகத்தடையைப் பற்றிப் பாடம் நடத்தும் எனக்கு இது தோன்றவில்லை!

மின்கலம் முதுமையடையும்போது அதன் கொள்ளளவு குறைகிறது, அகத்தடை கூடுகிறது. புதிய கலத்தின் அகத்தடை 0.1 ஓம் என்றும், பழையதில் அது 0.3 ஓம் ஆகிவிட்டது என்றும் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். செயலி ஒரு கணம் 2 ஆம்பியர் கேட்டால், புதியதில் 0.2 வோல்ட் இழப்பு, பழையதில் 0.6 வோல்ட். 3.7 வோல்ட் 3.1-க்குச் சரிந்தால் மின்சுற்று இயங்க முடியாமல் அணைந்துவிடும். கலத்தில் மின்னூட்டம் மீதமிருந்தும் பயனில்லை.

2017-இல் இதே காரணம் உலகச் செய்தியாயிற்று. மின்கலம் நலிந்த சில ஐபோன்கள் திடீரென அணைவதைத் தவிர்க்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்து வந்ததாக ஆப்பிள் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வெளிப்படையாகச் சொல்லவில்லையே என்று எதிர்ப்பு எழவே, 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 2018 முழுவதும் 29 டாலராகக் குறைத்தது. புதிய கலம் பொருத்தியதும் பழைய வேகம் திரும்பியது. தம் பேசி காலாவதியாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கிவிட்டவர்கள் எத்தனை பேரோ!

இதனால் “பழையதே சிறந்தது” என்று சொல்ல வருகிறேன் என எண்ண வேண்டாம். அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பேசியில் வங்கிக் கணக்கை இயக்குவது, பூட்டு பழுதான வீட்டில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும். எனவே திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதே தீர்க்கமான கேள்வி. எஸ்23-க்கு ஐந்து ஆண்டுகள், அதாவது 2028 வரை. எஸ்24-க்கு ஏழு ஆண்டுகள், அதாவது 2031 வரை. மாணவர் கொண்டுவந்த தாளில் இந்த வரி இல்லவே இல்லை.

இரு வகுத்தல் கணக்குகள்

ஆகவே அன்று நாங்கள் கேமராவையும் திரையையும் ஒதுக்கிவிட்டு, விலையை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்தோம். எளிய எண்களை வைத்துக் காட்டுகிறேன். பழையது 56,000 ரூபாய், புதியது 77,000 ரூபாய் எனக் கொள்க. 2024-இல் பழையதற்கு எஞ்சியவை நான்கு ஆண்டுகள்: ஆண்டுக்கு 14,000 ரூபாய். புதியதற்கு ஏழு: ஆண்டுக்கு 11,000 ரூபாய். மலிவானது எது? பழையதன் விலை 44,000-க்குக் கீழே இறங்கினால் விடை மாறிவிடும். மூன்றே ஆண்டுகளில் மாற்றிவிடும் வழக்கமுடையவருக்கோ பழையதே இலாபம். அவர் வாங்கும் மீதி நான்கு ஆண்டுகள் அவருக்குப் பயன்படப் போவதில்லை. ஏழு ஆண்டும் வைத்திருப்பவர், இடையே மின்கலம் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் பேசிக்கே இன்னும் திருத்தங்கள் வருமானால், மின்கலத்தின் விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். அநேகமாக அதுவே எல்லாவற்றிலும் மலிவாக இருக்கும்.

சுற்றுச்சூழலின் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு பேசியால் அதன் வாழ்நாளில் உண்டாகும் கரிவளி வெளியீட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதை உற்பத்தி செய்யும்போதே நிகழ்ந்துவிடுகிறது என ஆப்பிளின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஓராண்டு கூடுதலாகப் பயன்படுத்துவதே பெரிய சிக்கனம்.

நல்ல பட்டியல் சாத்தியமா? சாத்தியமே. குளிர்பதனப் பெட்டியின் நட்சத்திர முத்திரை நமக்குப் பழக்கமானது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளுக்கும் அத்தகைய முத்திரை கட்டாயமாயிற்று. ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு நேரம் இயங்கும், மின்கலம் எத்தனை ஏற்றங்களைத் தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எளிதா என்பவை அதில் தரமிடப்படுகின்றன. 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பின்னும் மின்கலத்தில் 80 விழுக்காடு கொள்ளளவாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் விதி. கேட்டால் இவற்றையும் அளந்து எழுத முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அதுவரை, கடையில் தரும் தாளின் அடியில் நான்கு வரிகளை நாமே பேனாவால் எழுதிக்கொள்ளலாம்: பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை? மின்கலம் மாற்ற என்ன செலவு? பழுது பார்ப்பவர் நம் ஊரில் உண்டா? நான் இதை எத்தனை ஆண்டு வைத்திருப்பேன்? கடைசிக் கேள்விக்குரிய விடை எந்த நிறுவனத்திடமும் இல்லை. அந்த மாணவரும் அதைத்தான் அண்ணனிடம் கேட்டுவரச் சென்றார்.