பம்பு அடுப்பா, கேஸ் டின்னா?

சென்னையில் வாங்கிய கேஸ் டின்னை லே வரை விமானத்தில் கொண்டுபோக வழியே இல்லை. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. ரயிலில் சண்டிகர் வரை போய் அங்கிருந்து மலையேறலாம் என்றால் அங்கும் தடை. பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் என எதைக் கொண்டுபோய் மாட்டினாலும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்களே, அதற்குள்ளும் சட்டவிரோதமாக ஏற்றிய சிலிண்டர் இருந்தது. அதனால், கூடாரம் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறவர்கள் “எந்த அடுப்பு நல்லது?” என்று கேட்டால், “எரிபொருள் எங்கே வாங்கப்போகிறீர்கள்?” என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நான் பயன்படுத்திப் பார்த்தவை, அமெரிக்காவின் எம்எஸ்ஆர் நிறுவனத்து அடுப்புகள் இரண்டு. ஒன்று பாக்கெட்ராக்கெட் 2. எடை 73 கிராம், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், கேஸ் டின்னின் தலையில் திருகி வைக்க வேண்டியதுதான். இன்னொன்று விஸ்பர்லைட் இன்டர்நேஷனல். பம்போடு சேர்த்து 300 கிராமைச் சற்றுத் தாண்டும். எரிபொருள் தனி அலுமினியப் பாட்டிலில் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் பர்னருக்கு வரும். பெட்ரோலும் குடிக்கும், நாசிலை மாற்றினால் மண்ணெண்ணெயும் குடிக்கும். விலை முன்னதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

பம்பு அடுப்பு நமக்குப் புதிதல்ல. ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய கரி பிடிக்காத மண்ணெண்ணெய் அடுப்புதான் பிரைமஸ். 1911இல் அமுண்ட்சென் தென் துருவத்துக்குக் கொண்டுபோனது அதைத்தான். கேஸ் இணைப்பு வருவதற்கு முன் நம் சமையலறைகளில் இரைந்துகொண்டிருந்த பித்தளைப் பம்பு ஸ்டவ்வும் அதே வம்சம். அந்த ஸ்டவ்வில் பின் குத்தி அடைப்பெடுத்த, வாஷருக்கு எண்ணெய் விட்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் விஸ்பர்லைட்டை அவர்கள் கையில் கொடுங்கள். கையேட்டைப் பிரிக்காமலே பற்றவைத்துவிடுவார்கள்.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் பழக வேண்டும். பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பி, பம்பைத் திருகி, இருபது தடவையாவது அடிக்க வேண்டும். வால்வை லேசாகத் திறந்தால் பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் அரை டீஸ்பூன் பெட்ரோல் வந்து தேங்கும். உடனே மூடிவிட்டுப் பற்றவைத்தால் மஞ்சள் தீ ஒரு முழ உயரம் எழும். முதல்முறை பார்ப்பவர் பின்வாங்குவார், பின்வாங்கவும் வேண்டும். அந்தத் தீ குழாயைச் சூடாக்கி அணையப்போகிற தறுவாயில் வால்வைத் திரும்பத் திறந்தால், திரவம் ஆவியாகி வந்து நீலமாகப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு முன்னாலேயே திறந்தால் மறுபடி மஞ்சள் தீயும் கரியும்தான். இத்தனையையும் கூடாரத்துக்குள் செய்யலாமா என்று யோசிக்கவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் ஒருபக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு இன்னொரு பக்கம். இரண்டாவது ஆபத்து கேஸ் அடுப்புக்கும் பொருந்தும்.

கேஸில் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. திருகு, திற, பற்றவை. அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏழெட்டு கிராம் கேஸ் போதும். காற்று வீசினால் மட்டும் கணக்கு தப்பும். அதற்காக டின்னையும் சேர்த்துத் தகடு சுற்றி மூடிவிடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கி டின் வெடிக்கலாம். பம்பு அடுப்பில் பாட்டில் தள்ளி இருப்பதால் பர்னரைச் சுற்றி முழுதாகத் தகடு கட்டலாம். காற்று அடங்காத லடாக் மாலைகளில் இது பெரிய வசதி.

உயரத்தில் கேஸ் எரியாது என்று பலர் சொல்வார்கள். உயரம் கேஸுக்குத் தொந்தரவே இல்லை, தொந்தரவெல்லாம் குளிரால்தான். பியூட்டேன் கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும். அதற்குக் கீழே போனால் ஆவியாகாமல் டின்னுக்குள்ளேயே கிடக்கும். ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12 அளவில், புரோப்பேனுக்கு மைனஸ் 42. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இவை இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆனால் எரிய எரிய டின்னே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மார்க்கா நடையின்போது நிமாலிங் முகாமில் ஒரு காலை, டின்னின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பனி படிந்து ஏறுவதைப் பார்த்தேன், தீ சுருங்கிக்கொண்டே வந்தது. புரோப்பேன் முந்திக்கொண்டு எரிந்துவிடுவதால் டின் காலியாகும் கட்டத்தில் இது இன்னும் மோசமாகும். தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி டின்னை அதில் உட்கார வைத்தால் தீ மறுபடி எழும். ஓடையின் சில்லென்ற தண்ணீர்கூடப் போதும், உறைந்துபோன டின்னைவிட அது சூடுதான். இரவில் டின்னைத் தூக்கப்பைக்குள் போட்டுக்கொண்டு படுப்பதும் உதவும்.

வாங்கும்போது டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐசோபியூட்டேன் 80, புரோப்பேன் 20 என்பது மலைக்கு நல்ல கலவை. மேசை அடுப்புக்கு வரும் நீள உருளை டின் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். மலிவு என்று அடாப்டர் போட்டுக் கொண்டுபோனால் குளிர்ந்த காலையில் காபிக்கே திண்டாட்டம்.

சமைப்பது என்று வந்தால் கேஸுக்குத்தான் என் ஓட்டு. சிம்மில் வைக்க முடிவதே காரணம். பம்பு அடுப்பில் தீயைக் குறைத்தால் இரண்டு நிமிடத்தில் அணையும், அல்லது தானாக ஏறிவிடும். ரவை உப்புமா அடிப்பிடிக்காமல் வந்தால் அதிர்ஷ்டம். கடல்மட்டத்திலிருந்து 4,700 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கி வழியும், அரிசி மட்டும் வேகாது. எந்த அடுப்பானாலும் அங்கே பருப்புக்கும் சோற்றுக்கும் குக்கர் வேண்டும். நான்கைந்து பேருக்குக் குறைவாக இருந்தால் குக்கரின் கனத்தைச் சுமப்பதைவிட அவல், சேமியா என்று போவது புத்திசாலித்தனம்.

இனி எடை. இருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பதாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 45 கிராம் கேஸ். 230 கிராம் டின் ஒன்று ஐந்து நாளுக்கு வரும். வெறும் டின் 150 கிராம், அடுப்பையும் சேர்த்தால் மொத்தம் அரைக் கிலோவுக்குள். பம்பு அடுப்பில் பாட்டிலும் பெட்ரோலுமாக எழுநூறைத் தொடும். நாள் கூடக் கூட வெறும் டின்களின் கனம் சேர்ந்துகொண்டே போகும். என் கணக்கில் இரண்டு வாரத்தை நெருங்கும்போதுதான் தராசு சமமாகிறது. பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க வேண்டிய பருவத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே உருக்க 334 கிலோஜூல் வேண்டும். உருகிய தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக மறுபடி ஏறக்குறைய அதே அளவு. செலவு இரட்டிப்பாகும், குளிரில் கேஸும் சோரும். ஜனவரியில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் சாதர் நடை போகிறவர்கள் பம்பு அடுப்பையே எடுக்கட்டும்.

பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை. ஸ்பிதியின் காசாவில், 3,740 மீட்டர் உயரத்திலேயே பங்க் இருக்கிறது. ஆனால் பங்க் பெட்ரோல் அடுப்புக்கென்று செய்ததல்ல. அதிலுள்ள சேர்மானங்கள் நாசிலில் படியும், இப்போது கலக்கும் 20 சதவீத எத்தனால் சில வகை ரப்பரை இளக்கும். விஸ்பர்லைட்டைக் குலுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி நாசிலைக் குத்திச் சுத்தம் செய்துவிடும் என்றாலும், மாற்று ஓ-ரிங் இல்லாமல் கிளம்பாதீர்கள். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது, பையில் கொட்டினால் மட்டும் அந்த வாடை ஊர் திரும்பும்வரை போகாது. திரும்பும் விமானத்துக்கு முன் பாட்டிலையும் பம்பையும் துளி வாசனை இல்லாமல் கழுவிக் காயவைத்து, விமான நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டும். கேஸ்காரர் அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம்.

தமிழ்நாட்டுக் காடுகளுக்கு இரண்டுமே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயைப் பார்த்த பிறகு காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்ட நினைப்பதே தப்பு. ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒரு வாரம் பத்து நாள் நடை, இரண்டு மூன்று பேர் என்றால் கேஸ்தான். லேயில் ட்ரெக்கிங் கடைகளில் டின் கிடைக்கும், போவதற்கு முன் போன் போட்டுக் கையிருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலம், நீண்ட பயணம், பெரிய குழு என்றால் பம்பு. இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு அதே நிறுவனத்தின் விஸ்பர்லைட் யூனிவர்சல் இருக்கிறது. கேஸ் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, திரவமாகவே இழுத்து எரிக்கும் என்பதால் குளிரிலும் ஏமாற்றாது. ஆனால் கேஸுக்கு மட்டுமே பயன்படுத்தப்போகிறவர் 73 கிராமுக்குப் பதில் அவ்வளவு கனத்தையும் விலையையும் ஏன் சுமக்க வேண்டும்?